இருபத்தேழரை மணி நேரம்

2024 பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.05 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவில் கவுன்ட்டவுன் தொடங்கியபோது நான் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்துச் செய்தியைப் படித்தேன். மறுநாள் மாலை 5.35 மணிக்கு, இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு ஜிஎஸ்எல்வி-எஃப்14 ராக்கெட் புறப்படும். அதற்கான இருபத்தேழரை மணி நேர எண்ணிக்கை ஆரம்பமாகிவிட்டது. நிலவுக்குச் சந்திரயான் போனபோதும் சூரியனை நோக்கி ஆதித்யா போனபோதும் நான் மகிழ்ந்தேன். ஆனால் அவை எதற்கும் இப்படி மணிக்கணக்கில் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்ததில்லை. இந்த ராக்கெட் எங்கள் வீட்டுக்கு வேண்டிய ஒன்றைக் கொண்டுபோகிறது என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

அந்த எண்ணத்துக்குக் காரணம் அதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன் வந்த மிக்ஜாம் புயல். நாங்கள் திருவொற்றியூரில், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். 2023 டிசம்பர் 3ஆம் தேதி இரவு பிடித்த மழை மறுநாள் முழுவதும் விடவில்லை. தெருவில் தண்ணீர் ஏறி, கீழ்வீட்டுக்குள் புகுந்ததும், அங்கே இருந்த பெரியவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர் நாற்பது வருடம் கடலில் தொழில் செய்தவர். நான் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். மின்சாரம் போன பிறகு, என் கைப்பேசியில் மிச்சமிருந்த சார்ஜை ஒரே ஒரு காரியத்துக்கு ஒதுக்கினேன். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அதை உயிர்ப்பித்து, வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் இருக்கும் செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு உடனே அணைத்துவிடுவேன். கரையை ஒட்டியபடி ஒரு வெள்ளைச் சுருள் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு படத்திலும் அது கொஞ்சமாவது வடக்கே நகர்ந்திருக்கிறதா என்று விரலை வைத்து அளந்து பார்த்தோம். அது ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது 5ஆம் தேதி பிற்பகலில்தான். அதுவரை அந்த இருட்டு வீட்டில் எங்களுக்கு வெளியுலகத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தப் படம் ஒன்றுதான்.

பெரியப்பா முதலில் படத்தைக் கேட்கவில்லை. "கூண்டு எத்தனைம்மா ஏத்தியிருக்காங்க?" என்றுதான் கேட்டார். அவருடைய காலத்தில் புயல் என்பது துறைமுகக் கம்பத்தில் ஏறும் எச்சரிக்கைக் கூண்டு. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளும். ஒன்றாம் எண்ணில் தொடங்கிப் பதினொன்றாம் எண் வரைக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். கம்பம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கடலில் இருப்பவனுக்கு அந்தக் கூண்டால் பயன் இல்லை. அதனால்தான் நான் காட்டிய படத்தை அவர் மூன்றாவது முறை பார்த்தபோது என் கையிலிருந்து கைப்பேசியைத் தானே வாங்கி, கண்ணுக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். சார்ஜ் தீர்ந்துவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் படங்கள் வானத்தில் எங்கிருந்து வருகின்றன என்று புயல் ஓய்ந்த பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் தானும் சுற்றிக்கொண்டு, நம் தலைக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பது போல் நிற்கும் செயற்கைக்கோள்கள் அவை. 2013 ஜூலை 26 அன்று இன்சாட்-3டி தென் அமெரிக்காவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது. போன மூன்றாவது மாதமே ஒடிசாவைப் பைலின் புயல் தாக்கியது. 1999இல் அதே ஒடிசாவில் பத்தாயிரம் பேர் அளவுக்கு உயிரைக் கொண்டுபோன பெரும்புயலோடு ஒப்பிட்டால், பைலினில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. ஒரு செயற்கைக்கோள் தனியாகச் செய்த காரியம் அல்ல அது. முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்களைப் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோன நிர்வாகத்துக்கும், பதினான்கு ஆண்டுகளில் கட்டிய புயல் காப்பகங்களுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் எந்தக் கரைக்கு எந்த நாள் வரும் என்று தெரியாமல் யாரையும் வீட்டை விட்டுக் கிளப்ப முடியாது. அந்த இன்சாட்-3டிக்குக் குறித்த ஆயுள் ஏழு ஆண்டுகள்தான். 2016இல் அதற்குத் துணையாக இன்சாட்-3டிஆர் போனது. மிக்ஜாம் இரவில் நாங்கள் பார்த்தது இந்த இருவரில் ஒருவர் எடுத்த படமாகத்தான் இருக்க வேண்டும். மூத்தவர் தன் காலத்தைத் தாண்டி உழைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தின் மூன்றாவது பிள்ளைதான் இப்போது ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டின் உச்சியில் காத்திருந்த 2,274 கிலோ எடையுள்ள இன்சாட்-3டிஎஸ். இதற்கான செலவு முழுவதையும் மத்தியப் புவி அறிவியல் அமைச்சகமே ஏற்றுக்கொண்டது.

வெள்ளிக்கிழமை இரவு வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் படுத்தபோது மணி பத்தரை. இன்னும் பத்தொன்பது மணி நேரம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "இவ்வளவு நேரம் அங்கே என்னம்மா பண்ணுவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொன்னேன். இங்கேயும் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் கவுன்ட்டவுன் என்றால் பத்து, ஒன்பது, எட்டு என்று கடைசியில் எண்ணுவது மட்டும்தான் என்று நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜிஎஸ்எல்வி மூன்று நிலைகள் கொண்ட ராக்கெட். 51.7 மீட்டர் உயரம், புறப்படும்போது 420 டன் எடை. நடுத்தண்டில் 139 டன் திட எரிபொருள் ஏற்கெனவே வார்க்கப்பட்டிருக்கும். அதை யாரும் கடைசி நாளில் நிரப்புவதில்லை. அந்தத் தண்டைச் சுற்றி நான்கு திரவ எரிபொருள் இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் 40 டன். அதற்கு மேலே இரண்டாம் நிலை, அதுவும் திரவம். உச்சியில் கிரையோஜெனிக் நிலை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களால் இயங்கும் நிலை. கவுன்ட்டவுனின் பெரும்பகுதி இந்தத் தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்புவதிலும், நிரப்பியதைச் சரிபார்ப்பதிலும் கழிகிறது. கீழ்நிலைகளில் ஊற்றும் எரிபொருளும் அதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். மூச்சில் போனால் ஆளைக் கொல்லும். அதனால் அவற்றைத் தனித்தனியாக, நிதானமாக, ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு ஏற்றுகிறார்கள். கிரையோஜெனிக் நிலைக்கு வேண்டிய திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் இருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா வெயிலில் நிற்கும் ராக்கெட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி நிலைக்காது. உள்ளே போனது கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே அதைக் கடைசி சில மணி நேரத்தில்தான் நிரப்பி, குறையக் குறைய மேலும் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் படித்தவரையில் என்னை மிகவும் கவர்ந்தது வேறு ஒன்று. அந்த இருபத்தேழரை மணி நேரத்தில் செய்யப்படும் பல சோதனைகளுக்குப் பின்னால், என்றோ ஒருநாள் நடந்த ஒரு தோல்வியின் தழும்பு இருக்கிறது. ஜிஎஸ்எல்வியின் முதல் ராக்கெட் 2001 மார்ச் 28 அன்று புறப்பட இருந்தது. சுற்றியுள்ள நான்கு திரவ இயந்திரங்களை, நடுத்தண்டைக் கொளுத்துவதற்கு 4.8 வினாடி முன்பே பற்றவைத்துவிடுவார்கள். திரவ இயந்திரத்தை வேண்டுமானால் அணைக்கலாம். திட எரிபொருள் பற்றிவிட்டால் அதை அணைக்க யாராலும் ஆகாது. அன்று நான்கில் ஒன்று போதிய உந்துவிசையைத் தரவில்லை என்று கண்ட கணினி, புறப்பட ஒரு வினாடி இருந்த நிலையில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அந்த 4.8 வினாடி ராக்கெட்டைக் காப்பாற்றியது. பழுது பார்த்து ஏப்ரல் 18ஆம் தேதி அதே ராக்கெட்டை ஏவினார்கள். 2010 ஒரே ஆண்டில் இரண்டு தோல்விகள். ஏப்ரலில் நம் நாட்டிலேயே செய்த முதல் கிரையோஜெனிக் இயந்திரம் ஏமாற்றியது. டிசம்பர் 25 அன்று இணைப்புக் கம்பிகள் பறக்கும்போதே கழன்று, ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்து, எல்லோர் கண்ணெதிரிலும் வானத்தில் சிதறியது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த என் அப்பா எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2013 ஆகஸ்ட் 19 அன்று, புறப்பட 74 நிமிடங்கள் இருந்தபோது இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிவதைக் கண்டு கவுன்ட்டவுனை நிறுத்தினார்கள். அதே ராக்கெட் 2014 ஜனவரி 5 அன்று போய்ச் சேர்ந்தது. நம்முடைய கிரையோஜெனிக் இயந்திரம் வென்ற முதல் நாள் அது. என்னைப் பொறுத்தவரை, அந்த ஆகஸ்ட் மாலையில் "இன்று வேண்டாம்" என்று சொன்னவரும் ஜனவரி வெற்றியில் முழுப் பங்காளி.

கடைசித் தழும்பு 2021 ஆகஸ்ட் 12 அன்று விழுந்தது. விடியற்காலை 5.43 மணிக்குப் புறப்பட்டது அந்த ராக்கெட். முதல் இரண்டு நிலைகளும் குறையில்லாமல் வேலை செய்தன. ஐந்தாவது நிமிடத்தில் கிரையோஜெனிக் இயந்திரம் பற்ற வேண்டும், பற்றவில்லை. ஹைட்ரஜன் தொட்டியில் இருக்க வேண்டிய அழுத்தம் இல்லை. ஒரு வால்வில் கசிவு, அந்தக் கசிவுக்குக் காரணம் வால்வுக்குள் இருந்த மிருதுவான சீலில் ஏற்பட்ட சேதம் என்று பிறகு ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய ஒரு பொருள், 400 டன்னுக்கும் அதிகமான ராக்கெட்டைக் கடலில் தள்ளியது. 2023 மே மாதம் அடுத்த ஜிஎஸ்எல்வி சரியாகப் போனபோது எல்லோருக்கும் மூச்சு வந்தது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை இரவு, ஹைட்ரஜனை நாளை எப்போது நிரப்புவார்கள் என்றே நான் யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் பெரியப்பாவிடம் மாலையில் மாடிக்கு வரச் சொன்னேன். அவருக்கு ராக்கெட் புதிதில்லை. அவருடைய மனைவி பழவேற்காட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவர். ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தக் கரையில் இருப்பவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிப்பது வழக்கம். ராக்கெட்டின் கழன்ற பாகங்கள் விழக்கூடிய கடற்பரப்பில் யாரும் இருக்கக்கூடாது. அதன் நியாயம் எல்லோருக்கும் புரிந்ததுதான். இருந்தாலும் ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் ஒரு நாள் அடுப்பு சிரமப்படும் வீடுகள் அவை. நகரத்தில் மொட்டை மாடியில் நின்று கைதட்டுகிற நாங்கள் ஒன்றையும் இழப்பதில்லை. பழவேற்காட்டுக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியைக் கொடுத்து அந்த ராக்கெட்டை அனுப்புகிறார்கள். இதை நான் எங்கும் யாரும் சொல்லக் கேட்டதில்லை, ஆகவே இங்கே சொல்கிறேன். இந்த ஒரு செயற்கைக்கோளைப் பொறுத்தவரையிலாவது அவர்கள் கொடுத்தது அவர்களுக்கே திரும்பி வரும். மேகத்தையும் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் படமெடுக்கும் ஆறு அலைவரிசைக் கருவியும், காற்றின் வெப்பமும் ஈரமும் உயரத்துக்கு உயரம் எப்படி மாறுகின்றன என்று அளக்கும் பத்தொன்பது அலைவரிசைக் கருவியும் இருப்பதோடு, ஆளில்லாத வானிலை நிலையங்கள் அனுப்பும் அளவுகளை வாங்கிக் கொடுக்கும் ஒரு கருவியும், ஆபத்தில் சிக்கிய கப்பலோ படகோ அனுப்பும் அபயக் குறிப்பை எடுத்து மீட்புக் குழுவுக்குக் கடத்தும் இன்னொரு கருவியும் இன்சாட்-3டிஎஸ்ஸில் இருக்கின்றன. கடைசியில் சொன்னதைக் கேட்டதும் பெரியப்பாவின் மனைவி, "அது மேல போயி நல்லா நிக்கட்டும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

மாலை ஐந்து மணிக்கு மாடிக்கு ஏறிவிட்டோம். எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும்; அவற்றுக்கும் அப்பால், நேர்கோட்டில் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் ஏவுதளம். பக்கத்து மாடிகளிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வானம் தெளிவாக இருந்தது, அடிவானத்தில் மட்டும் மாசிக்கே உரிய மெல்லிய மங்கல். எனக்கு 2016 செப்டம்பர் 8 நினைவுக்கு வந்தது. அன்று இன்சாட்-3டிஆருக்காக இதே மாடியில் நின்றேன்; 4.10க்குப் போக வேண்டிய ராக்கெட் கிரையோஜெனிக் எரிபொருள் நிரப்புவதில் ஏற்பட்ட தடையால் 4.50க்குத்தான் போனது. இன்றும் அப்படி ஏதாவது வருமோ என்று கைப்பேசியில் நேரலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதுவும் வரவில்லை. கடைசி நிமிடங்களில் பொறுப்பு முழுவதும் கணினியிடம் போய்விடுகிறது. மகள் உரக்க எண்ணத் தொடங்கினாள். பக்கத்து மாடிப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து என்ற இடம் வந்தபோது நான் மட்டும் எண்ணுவதை விட்டுவிட்டேன். நான்கு திரவ இயந்திரங்களும் இப்போது எரிந்துகொண்டிருக்கும், கணினி அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை.

புகைபோக்கிகளுக்கு வலப்பக்கமாக ஒரு மஞ்சள் பொட்டு எழுந்தது. படத்தில் பார்ப்பதைவிட அது மிகவும் மெதுவாக எழுவதுபோல் எனக்குப் பட்டது. மேற்கே சரிந்திருந்த வெயில் அதன் புகையில் பட்டு, அடியில் சாம்பலும் மேலே போகப் போகச் செம்பொன்னுமாக ஒரு தூண் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தூண் கிழக்கே, கடல் பக்கமாக வளைந்தது. ஒன்றரை நிமிடம், மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம் பார்த்திருப்போம். பிறகு பொட்டு மறைந்து புகை மட்டும் காற்றில் கோணலாகக் கலைந்துகொண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்தில் பெரியப்பா கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். அறுபது கிலோமீட்டரைக் கடந்து வர ஒலிக்கு அவ்வளவு நேரம் ஆகும். "வந்திருச்சு" என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அலை எங்கே உடைகிறது என்று இருட்டில் கேட்டே படகைச் செலுத்திய காது அது. நான் அதை நம்புகிறேன்.

பக்கத்து மாடிகள் காலியாகிவிட்டன. ராக்கெட் பார்ப்பது என்றால் பொதுவாக அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் 2021இல் தவறிய இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். மாடிச் சுவரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். ஐந்தாவது நிமிடத்தில் கிரையோஜெனிக் இயந்திரம் பற்றியது என்ற அறிவிப்பு வந்தபோது திரையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை; ஒரு கோடு போட்ட பாதையில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தப் புள்ளி வரைந்து வைத்த கோட்டை விட்டு விலகாமல் போகிறதா என்று பதின்மூன்று நிமிடத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தோம். டிசம்பரில் விரலை வைத்து வெள்ளைச் சுருளை அளந்த அதே கைப்பேசி, அதே விரல். புறப்பட்டுப் பதினெட்டரை நிமிடம் தாண்டியதும் செயற்கைக்கோள் பிரிந்தது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இஸ்ரோ தலைவர் சோம்நாத் வெற்றியை அறிவித்தார். ராக்கெட்டின் ஏவுதல் திட்ட இயக்குநர் டோமி ஜோசப், அடங்காத பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்த ஜிஎஸ்எல்வி இப்போது சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக வளர்ந்துவிட்டது என்ற பொருளில் பேசியபோது, அவர் குரலில் இருந்த நிம்மதி எங்கள் மாடி வரைக்கும் வந்தது. அது ஜிஎஸ்எல்வியின் பதினாறாவது பயணம்.

அதன் பிறகு செயற்கைக்கோள் தன் சொந்த இயந்திரத்தால் நீள்வட்டப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டு, பிப்ரவரி முடிவதற்குள் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மார்ச் 7ஆம் தேதி அது தன் முதல் படங்களை எடுத்தது; சில நாட்களில் இஸ்ரோ அவற்றை வெளியிட்டது. வேலையிலிருந்து திரும்பியதும் அதைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முழுப் பூமி, நடுவில் இந்தியப் பெருங்கடல், மேலே நம் நாடு. அன்று வங்கக் கடலில் பயப்படும்படியாக எதுவும் இல்லை. எண்ணூர்க் கழிமுகம் எங்கே இருக்கிறது, நம் தெரு எங்கே என்று அவர் கேட்டார். என் மகள் படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கினாள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தில்கூட ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். எங்கள் வீடு, தெரு முனைக் கடை, அவர் படகு ஏற்றி வைக்கும் மணல், அலை உடையும் இடம் எல்லாம் அந்த ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும் என்று அவருக்குக் கணக்குப் போட்டுச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, எந்தப் புள்ளி என்று அவளை இன்னொரு முறை காட்டச் சொன்னார்.